உலக வறுமையும் நாடுகளின் கடனும்: இளைஞர்களால் என்ன செய்ய முடியும்?

கொட்டகலைக் குறிஞ்சி | 9 மார்ச் 2025, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள், வயது 27, இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பகுதியில் இருபது இளைஞர்கள் சேர்ந்து 2017 முதல் ஒரு வட்டமாக இயங்கி வருகிறோம். ஒவ்வோர் ஆண்டும் பாடசாலை தொடங்கும் வேளையில் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்போம். 2022-இல் வழக்கமான தொகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது முந்தைய ஆண்டு வாங்கியதில் பாதிகூட வரவில்லை. கடைக்காரர் மேல் குற்றமில்லை. கடதாசி இறக்குமதி செய்ய நாட்டில் டொலர் இல்லை. அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகள் கடதாசித் தட்டுப்பாட்டால் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தன.

அடுத்த மாதம், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. கடன் ஏறத்தாழ 5,100 கோடி டொலர். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021-இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022-இல் 25 வீதமாயிற்று. ஒரே ஆண்டில் மேலும் இருபத்தைந்து இலட்சம் பேர் வறுமைக்குள் விழுந்தார்கள். நாங்கள் ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராக உண்டியல் குலுக்கிச் சேர்த்ததை, எங்கோ சில மேசைகளில் கையெழுத்தான கணக்கு ஒரு பருவத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் நான் கொழும்பில் மக்கள் போராட்டம் நடந்த காலிமுகத்திடலில் இருந்தேன். அங்கே கூடாரத்துக்குள் ஒரு நூலகம் நடந்தது. அதில் உட்கார்ந்துதான் "பிணைமுறி" என்றால் அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். 24 வயதுவரை என் நாடு யாரிடம், எதற்காக, எந்த வட்டிக்குக் கடன் வாங்கியது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

என் கேள்வி இதுதான். வறுமை ஒழிப்பு என்றாலே இளைஞர்களிடம் நன்கொடை சேர்க்கச் சொல்கிறார்கள், விழிப்புணர்வு நடை போகச் சொல்கிறார்கள். நாடுகளின் கடன் என்ற இடத்தில் கை வைத்த இளைஞர்கள் உலகில் எங்கேனும் இருந்திருக்கிறார்களா? அவர்களால் ஏதாவது நடந்ததா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பொருநைக்கரையான் | 9 மார்ச் 2025, இரவு 10.15

அம்மா குறிஞ்சி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் திருநெல்வேலிப் பக்கத்தில் கூட்டுறவு வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கருத்து உங்களுக்குக் கசக்கக்கூடும். ஆனாலும் மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நாடுகளின் கடன் என்றதும் தள்ளுபடி செய் என்ற பேச்சுதான் வரும். அந்தச் சொல்லுக்கு வங்கிக்காரன் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது. நெருக்கடியில் இருந்த விவசாயிக்கு அது உயிர் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் தவணை தவறாமல் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டி முடித்தவர் வங்கி வாசலில் வந்து நின்று, "ஒழுங்காகக் கட்டியது என் தப்பா?" என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? நாடுகளுக்கும் இது பொருந்தும். ஜாம்பியாவைப் பாருங்கள். 2005, 2006 ஆண்டுகளில் அந்த நாட்டின் வெளிக்கடன் ஏறத்தாழ 700 கோடி டாலரிலிருந்து நூறு கோடிக்கும் கீழே குறைக்கப்பட்டது. 2012, 2014, 2015 என்று மூன்று முறை கடன் பத்திரம் வெளியிட்டு மறுபடி 300 கோடி டாலர் வாங்கினார்கள். 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் நின்றார்கள். அப்படியானால் முதல் தள்ளுபடி எதைச் சாதித்தது?

பர்மிங்ஹாம் வாசி | 10 மார்ச் 2025, அதிகாலை 2.05

குறிஞ்சி, உங்கள் கேள்விக்கு நான் கண்ணால் கண்ட ஒரு விடை உண்டு.

1998 மே 16, சனிக்கிழமை. ஜி-8 எனப்படும் எட்டு வல்லரசு நாடுகளின் தலைவர்கள் எங்கள் நகரில் கூடியிருந்தார்கள். எனக்கு அப்போது 20 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உலக வறுமையைப் பற்றி நினைப்பதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பல்கலைக்கழக நண்பன் ஒருவன் தன் தேவாலயத்தாரோடு வரும்படி கூப்பிட்டதால் போனேன். நகரின் நடுப்பகுதியைச் சுற்றிக் கை கோத்து நின்றவர்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர். என் இடக்கையைப் பிடித்திருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற தாதி; வலக்கையில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி. தலைவர்கள் அன்று வெஸ்டன் பார்க் என்ற நாட்டுப்புற மாளிகைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆனாலும் அந்தச் சங்கிலியைப் பார்க்காததுபோல் எவராலும் இருக்க முடியவில்லை.

ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்ட அந்த இயக்கத்தின் பெயர் ஜூபிலி 2000. அதன் விதையைப் போட்டவர்கள் இருவர்: கீல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய மார்ட்டின் டென்ட், ஓய்வுபெற்ற தூதர் பில் பீட்டர்ஸ். ஐம்பதாம் ஆண்டில் கடன்கள் நீங்கி அடிமைகள் விடுபடுவார்கள் என்ற விவிலியச் சட்டத்திலிருந்து பெயரை எடுத்தார்கள். டென்ட் முதலில் சேர்த்தது தம் மாணவர்களைத்தான். அந்த இயக்கத்தின் மனுவில் உலகெங்கும் இரண்டு கோடியே நாற்பது இலட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 1999-இல் கொலோன் நகரில் நடந்த ஜி-8 மாநாட்டில் தள்ளுபடி விரிவாக்கப்பட்டது. 2005-இல் கிளெனீகிள்ஸில் நடந்த ஜி-8 மாநாட்டுக்குப் பிறகு உலக வங்கி, நாணய நிதியம், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன்களும் அதில் சேர்ந்தன.

பொருநைக்கரையான் ஐயா, ஜாம்பியாவின் முதல் தள்ளுபடி எதைச் சாதித்தது என்று கேட்டீர்கள். 2006 ஏப்ரல் முதல் நாள் தொடக்கம் அந்நாட்டின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் நோயாளிகள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்றானது. காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய், கையில் காசில்லாமல் வாசலில் நின்று திரும்பிப் போகும் நிலை அந்த நாளோடு நீங்கியது. பின்னால் வந்த அரசுகள் மீண்டும் கடன் வாங்கியது பிழைதான். அதற்காக அந்தத் தாய்க்குக் கிடைத்ததைக் கணக்கிலிருந்து அடித்துவிட முடியாது.

தவறாமல் கட்டியவர் கேட்கும் கேள்விக்கும் என்னிடம் ஒரு மறுகேள்வி இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. எழுதிக் கொடுத்த தாள் எதுவானாலும் கட்டியே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லையே? பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்க்கோஸின் ஆட்சியில் பட்டான் என்ற இடத்தில் அணுமின் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். 200 கோடி டொலருக்கு மேல் செலவு. ஓர் அலகு மின்சாரம்கூட அது தரவில்லை. மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடி இருபது ஆண்டுகள் கழித்து, 2007 வரை அந்தக் கடனை மக்கள் கட்டினார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு அங்கே ஒரு பொறுப்பும் இல்லையா? தனிமனிதன் நொடித்தால் நீதிமன்றம் உண்டு. நிறுவனம் நொடித்தாலும் சட்டம் உண்டு. நாடு நொடித்தால் போய் நிற்க உலகில் ஒரு மன்றமும் இல்லை.

ஆய்வு மாணவி, மதுரை | 10 மார்ச் 2025, காலை 11.30

குறிஞ்சி அக்கா, கொப்பி கொடுத்ததை வீணென்று நினைத்துவிடாதீர்கள். நான் முனைவர் பட்டத்துக்காக நேரடிப் பண உதவித் திட்டங்களைப் படித்து வருகிறேன். நன்கொடை என்பதே பயனற்றது என்று இந்த இழை போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நால்வர் தொடங்கியது கிவ்டைரக்ட்லி. ஏழைக்கு என்ன வேண்டும் என்று நாம் தீர்மானிக்காமல், பணத்தை அவர் கைப்பேசிக்கே அனுப்பிவிடலாம் என்ற எளிய எண்ணம்தான் அதற்கு அடிப்படை. 2007-இல் கென்யாவில் வந்த எம்-பெசா கைப்பேசிப் பணச் சேவை அதற்கு வழி செய்தது. மேற்குக் கென்யாவில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தில் இரண்டு டாலருக்கும் மேலான பொருளியல் நடவடிக்கை பிறந்தது. விலைவாசியோ சிறிதளவே ஏறியது. பணம் பெறாத அண்டை வீடுகளும் பலன் கண்டன. இது அளந்து பார்த்த செய்தி.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990-இல் கடும் வறுமையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 200 கோடி, நாளுக்கு 2.15 டாலர் என்ற கோட்டின்படி 2024-இல் அவர்கள் 70 கோடிக்குச் சற்றே குறைவு. இந்த இறக்கத்தின் பெரும்பகுதி சீனாவிலும் இந்தியாவிலும் வேளாண்மை, தொழில், வேலைவாய்ப்பு ஆகியவற்றால் நடந்தது. ஊர்வலங்களால் நடந்ததாக நான் எழுத மாட்டேன்.

ஆனால் கணக்கைக் கேட்பதைப் பற்றி அக்கா எழுதிய வரியைப் படித்ததும் உகாண்டா நினைவுக்கு வந்தது. 1990-களின் முதற்பாதியில் மைய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு மாதந்தோறும் நாளிதழில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிச் சுவரிலும் தொகையை ஒட்டச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் பள்ளிகளுக்குச் சென்று சேர்ந்த பங்கு 80 சதவீதத்தைத் தொட்டது. கடன் தள்ளுபடியால் மிஞ்சிய பணத்துக்கு 1998-இல் தனி நிதியம் அமைத்த நாடும் அதுதான். பணம் மிஞ்சுவதும், மிஞ்சிய பணம் வகுப்பறையை அடைவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவது வேலையை ஊரில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும்.

நைரோபியில் ஒரு தமிழன் | 10 மார்ச் 2025, இரவு 9.50

நான் திருச்சிக்காரன், 2011 முதல் நைரோபியில் கணக்காளராக இருக்கிறேன். இந்த இழையைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை, நீளத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த ஆண்டு மே மாதம் கென்ய அரசு நிதி மசோதாவைக் கொண்டுவந்தது. கூடுதலாக ஏறத்தாழ 34,600 கோடி ஷில்லிங் வரி திரட்டுவது நோக்கம். ரொட்டிக்கு 16 சதவீத வரி, சமையல் எண்ணெய்க்கு 25 சதவீதத் தீர்வை, வாகனம் வைத்திருப்போருக்கு அதன் மதிப்பில் 2.5 சதவீதம். சுற்றுச்சூழல் தீர்வை என்ற பெயரில் குழந்தைகளின் அணையாடைக்கும் பெண்களின் மாதவிடாய்ப் பஞ்சுக்கும் வரி. எதற்காக இவ்வளவு என்றால், கடன். 2014-இல் வாங்கிய 200 கோடி டாலர் பத்திரம் 2024 ஜூனில் முதிர்வதாக இருந்தது. அதை அடைக்க பிப்ரவரியில் 9.75 சதவீத வட்டிக்கு 150 கோடி டாலர் புதுக் கடன் வாங்கினார்கள். பழைய கடன் 6.875 சதவீதம். அந்தப் பழைய பணம் எந்தத் திட்டத்துக்குப் போனது என்று நாட்டின் தலைமைத் தணிக்கையாளரே கேள்வி எழுப்பியிருந்தார்.

எங்கள் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்த 23 வயதுப் பெண் ஒருத்தி, மசோதாவை அச்செடுத்து வந்து மதிய உணவு நேரத்தில் பிரிவு பிரிவாக என்னிடம் பொருள் கேட்பாள். முதலில் வேலைக்காகப் படிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் அதைத் தன் தாய்மொழியான லுவோவில் மாற்றி ஊரில் இருக்கும் தன் பாட்டிக்குக் குரல் பதிவாக அனுப்புகிறாள் என்று தெரிந்தது. அவளைப்போல் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். சுவாகிலியிலும் வட்டார மொழிகளிலும் மசோதா பெயர்க்கப்பட்டது. ஒரு நிமிடக் காணொளிகளில் ஒவ்வொரு பிரிவையும் விளக்கினார்கள். கேள்வி கேட்டால் மசோதாவிலிருந்து பதில் சொல்லும் உரையாடு செயலி ஒன்றையும் செய்துவிட்டார்கள். குடியரசுத் தலைவருக்கு அவர்கள் வைத்த பெயர் "சக்காயோ". தமிழ் விவிலியத்தில் சகேயு என்று படிக்கிறோமே, அத்திமரத்தில் ஏறிய அந்த வரிவசூலிப்பவன்.

தலைவர் இல்லை, கட்சி இல்லை, இனக்குழு இல்லை என்பதே அவர்களின் முழக்கம். இங்கே தேர்தல் காலத்தில் இனக்குழுக்கள் எப்படிப் பிரிந்து நிற்கும் என்று 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த இனக்கலவரத்தை அறிந்தவர்களுக்கு அந்த முழக்கத்தின் கனம் புரியும். ஜூன் 18 அன்று ரொட்டி வரி உள்ளிட்ட சிலவற்றை அரசு கைவிட்டது. ஜூன் 25 அன்று நாடாளுமன்றம் மசோதாவை 195-க்கு 106 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அன்று கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் ருட்டோ கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்தார். அந்தப் போராட்டங்களில் 60 பேர் இறந்ததாகத் தேசிய மனித உரிமை ஆணையம் பின்னர் கணக்கிட்டது. காயம்பட்டவர்களின் மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் எம்-பெசா வழியாகவே பணம் சேர்ந்தது. எங்கள் பயிற்சிப் பெண் நான்கு நாட்கள் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் மேசையில் அந்த அச்சுப் பிரதி மட்டும் மூலை மடங்கி அப்படியே கிடந்தது.

வெற்றியை மிகைப்படுத்தவும் எனக்கு மனமில்லை. கைவிட்ட வரிகளில் சில டிசம்பரில் வேறு சட்டத்தின் வழியே திரும்ப வந்துவிட்டன. கடன் அப்படியே இருக்கிறது.

பொருநைக்கரையான் | 11 மார்ச் 2025, காலை 6.20

நைரோபித் தம்பி எழுதியதைப் படித்தபின் இரவில் தூக்கம் வரவில்லை. எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் 2017-இல் கந்துவட்டியால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. பெற்றோரும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும். அப்போது நான் பணியில் இருந்தேன். எழுதிக் கொடுத்த தாளைக் கட்டியே தீர வேண்டும் என்று அந்த வாரத்தில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவரோடு பேசியிருக்க மாட்டேன். ஆகவே பர்மிங்ஹாம் அன்பர் கேட்ட கேள்வியை ஒப்புக்கொள்கிறேன். கொடுத்தவனுக்கும் பொறுப்பு உண்டு.

ஆனாலும் இரண்டு கவலைகள் போகவில்லை. ஒன்று, 60 உயிர். கணக்குக் கேட்பதற்கு அது விலையாகக் கூடாது. பிள்ளைகளை வீதிக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் இணையத்தில் வாழ்த்துவது எனக்கு ஏற்பில்லை. இரண்டு, கடன் வாங்கிய பிறகு கூச்சல் போடுவதைவிட, வாங்கும்போதே கேட்பது சிறந்தது. வங்கியில் ஒரு கறவை மாட்டுக் கடன் மனு வந்தால்கூட, மாடு எத்தனை லிட்டர் கறக்கும், பால் எங்கே போகும், தவணை அதற்குள் அடங்குமா என்று பார்த்துத்தான் கையெழுத்திடுவோம். மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு ரயில் பாதை போட முந்நூறு கோடி டாலருக்கு மேல் சீனக் கடன் என்று செய்தியில் படித்த நினைவு. அதற்கு அந்தக் கேள்விகளை யாராவது கேட்டார்களா?

நைரோபியில் ஒரு தமிழன் | 11 மார்ச் 2025, மாலை 5.10

கேட்டார்கள் ஐயா, ஆனால் தாமதமாக. அந்த ரயில் 2017-இல் ஓடத் தொடங்கியது; ஒப்பந்தம் மட்டும் பூட்டியே இருந்தது. மொம்பாசாவைச் சேர்ந்த குடிமக்கள் அமைப்பினரும் செயற்பாட்டாளர்களும் தகவல் அறியும் சட்டப்படி கேட்டுக் கிடைக்காமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 மே மாதம் வெளியிடும்படி தீர்ப்பு வந்தது. நவம்பரில் புதிய அரசு ஒரு பகுதியை வெளியிட்டது. அந்த வழக்கில் யாரும் கல் எறியவில்லை, யாரும் சாகவில்லை. செய்தியாகவும் அது பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் 2024-இல் மசோதாவைப் பிரித்துப் படித்த பிள்ளைகளுக்குக் கடன் என்றால் ஒப்பந்தம், ஒப்பந்தம் என்றால் பிரிவுகள், பிரிவுகள் என்றால் படிக்க வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்தும்தான் என்று நினைக்கிறேன்.

மட்டுறுத்துநர் | 11 மார்ச் 2025, மாலை 6.00

சீன, மேற்குலகக் கடன்களில் எது தீயது என்ற தனி விவாதத்துக்குச் சிலர் இட்ட பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே குறிஞ்சி கேட்ட கேள்வியை ஒட்டி எழுதுங்கள்.

பர்மிங்ஹாம் வாசி | 11 மார்ச் 2025, இரவு 11.40

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாம்பியா 1979-இல் ருமேனியாவிடம் உழவு இயந்திரங்களுக்காகப் பட்ட கடன் ஒன்று இருந்தது. டோனிகல் என்ற நிதி நிறுவனம் 1999-இல் அந்தக் கடனை ஏறத்தாழ 33 இலட்சம் டொலருக்கு வாங்கி, 5.5 கோடி டொலர் கேட்டு லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2007-இல் ஏறத்தாழ 1.55 கோடி டொலர் கொடுக்கும்படி தீர்ப்பானது. சுகாதாரக் கட்டணத்தை நீக்கிய அடுத்த ஆண்டு அது. இந்தச் செய்தி இங்கே பலரைக் கொதிக்க வைத்தது. ஜூபிலி இயக்கத்தில் வளர்ந்தவர்களும் புதிய மாணவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி ஓயவில்லை. 2010-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது: தள்ளுபடித் திட்டத்தில் இருக்கும் ஏழை நாடுகளின் பழைய கடனுக்கு, மற்றவர்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் எவரும் வசூலிக்க முடியாது. நானும் அப்போது என் தொகுதி உறுப்பினருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன்.

ஏழை நாடுகளின் கடன் பத்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துச் சட்டத்துக்கோ நியூயார்க் சட்டத்துக்கோ உட்பட்டவை. இலங்கையின் பத்திரங்கள் நியூயார்க்குக்கு. 2022 ஜூனில் இலங்கை மேல் ஒரு வங்கி வழக்குத் தொடுத்ததும் அங்கேதான். கொழும்பில் இருக்கும் பிள்ளை கத்தினால் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்குக் கேட்காது. அங்கே வாக்குரிமை உள்ள நம் பிள்ளை ஒரு கடிதம் எழுதினால் கேட்கும். அங்கே கடன் வழக்குகளை வரையறுக்கும் மசோதாக்கள் சில ஆண்டுகளாக முன்வைக்கப்பட்டு வருகின்றன.

ஆய்வு மாணவி, மதுரை | 12 மார்ச் 2025, காலை 10.05

அன்பர் சொன்னதோடு ஒரு பழைய செய்தியைச் சேர்க்கிறேன். தள்ளுபடி கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்று ஏழை நாடுகளுக்குச் சொல்கிறோம். 1953-இல் லண்டனில் கையெழுத்தான உடன்பாட்டில் மேற்கு ஜெர்மனியின் வெளிக்கடனில் ஏறத்தாழ பாதி நீக்கப்பட்டது. மீதியை ஏற்றுமதி வருவாயால் தாங்கும் அளவுக்குத் தவணை பிரித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கிரேக்கமும் இருந்தது. ஜெர்மனி ஒழுக்கம் கெட்டுப் போனதாக யாரும் எழுதியதில்லை. கடன் தீர்ப்பில் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு எனக்கு இதுவே சிறந்த பாடமாகத் தெரிகிறது.

ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள். நான் ஆயும் பண உதவித் திட்டங்கள் ஒருபுறம் ஊற்றுகின்றன. மறுபுறம் இது வடிகிறது. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை என்பதே என் கட்சி.

கொட்டகலைக் குறிஞ்சி | 12 மார்ச் 2025, இரவு 9.15

எழுதிய எல்லோருக்கும் நன்றி. எங்கள் வட்டத்தில் இந்த இழையை உரக்க வாசித்தோம்.

ஒன்றை நான் முன்பு எழுதவில்லை. 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தபோது தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த அரச பிணைமுறிகளும் அதில் சேர்க்கப்பட்டன. நிதியம் தன் பிணைமுறிகளை நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டும். அவற்றுக்கு 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீத வட்டி. மறுத்தால் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதில் 30 வீத வரி. என் அம்மா 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். வாழ்நாளில் அவர் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. நாட்டின் கடனைச் சரிக்கட்ட எடுத்த இடங்களில் அவர் சேமிப்பும் ஒன்று என்பதை நான் விளக்கியபோது, "அப்ப நானும் கடன் கொடுத்த ஆளா?" என்று கேட்டார். ஆமம்மா, அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றேன். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தக் கூட்டத்துக்கு எங்களை ஏன் கூப்பிடவில்லை என்றார்.

அம்மாவின் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எங்கள் வேலையைத் தொடங்குகிறோம். பொருநை ஐயா அஞ்சியதுபோல் யாரையும் ஆபத்தில் தள்ளும் எண்ணம் இல்லை. நிதி அமைச்சின் ஆண்டறிக்கையும் மத்திய வங்கியின் அறிக்கையும் தமிழிலும் வருகின்றன. ஆனால் எங்கள் இருபது பேரில் ஒருவர்கூட அவற்றைத் திறந்து பார்த்ததில்லை. 2016-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. எங்கள் பிரதேச செயலகப் பிரிவில் வெளிநாட்டுக் கடனில் நடந்த குடிநீர், வீதி, வீட்டுத் திட்டங்கள் எவை, கடன் யாருடையது, எவ்வளவு செலவாயிற்று, எத்தனை லயங்களுக்குத் தண்ணீர் வந்தது என்று முதல் விண்ணப்பம் தயாராகிவிட்டது. உயர்தர வகுப்பில் வணிகம் படிக்கும் இரு மாணவிகள் அதை எழுதினார்கள். அடுத்த சனவரியில் கொப்பியும் கொடுப்போம். மதுரைத் தங்கை சொன்னதை ஏற்றுக்கொண்டோம்.

பொருநை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கடன் மனுவை எப்படிப் பார்ப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு இணையவழியில் கூடலாமா? இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

பொருநைக்கரையான் | 12 மார்ச் 2025, இரவு 9.40

வருகிறேன் அம்மா. பிள்ளைகள் ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொள்ளட்டும். முதல் நாள் மாட்டுக் கடன் மனுவிலிருந்து தொடங்குவோம். ரயில் பாதைக்கு இரண்டாம் வாரம் போகலாம். உங்கள் தாயாருக்கு நேரம் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.